கிரானைட் ஊரில் கார்க் தரை... காலுக்கு இதம், வீட்டுக்குச் சரிவருமா?

மார்கழி மாத விடியற்காலை. ஓசூரில் புது வீடு கட்டிக் குடிவந்த எந்தக் குடும்பத்திலும் காதில் விழக்கூடிய பேச்சுதான் இது.

"தரை ஜில்லுன்னு இருக்குது கண்ணு. கட்டில்ல இருந்து காலைக் கீழ வைக்கவே முடியல."

"வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னே செருப்பு வாங்கி வெச்சிருக்கேனே, அதைப் போட்டுக்கங்க அத்தை."

"சாமி ரூமுக்குப் போறேன், வர்றேன். ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

மருமகள் மீதும் தப்பில்லை, மாமியார் மீதும் தப்பில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, நிறம் பார்த்து, பளபளப்பு பார்த்து, சதுர அடி விலை பேசி ஆசையாகப் போட்ட கிரானைட் தரை அது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். ஆனால், தரையைத் தேர்ந்தெடுத்தபோது கண்ணைக் கேட்டார்கள், பணப்பையைக் கேட்டார்கள். தினமும் அதன் மேல் நடக்கப்போகிற காலைத்தான் யாரும் கேட்கவில்லை.

காலைக் கேட்டால் அது சொல்லக்கூடிய பெயர்களில் ஒன்று, கார்க் தரை. பெங்களூரு பக்கத்து வீடுகளில் இந்தப் பெயர் அடிபடத் தொடங்கியிருப்பதால், பக்கத்திலேயே இருக்கும் ஓசூர்க்காரர்களும் 'அது என்ன?' என்று விசாரிக்கிறார்கள். அதில் என்ன நல்லது, எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்று பார்த்துவிடலாம்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் போடாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் குவாரிகளும் பாலீஷ் போடும் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால், கர்நாடகத்தின் ஜிகணியில் வரிசையாகக் கிரானைட் கடைகள். அலை அலையான கோடுகளோடு 'பாரடைசோ' என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் கல், கிருஷ்ணகிரி மண்ணில் கிடைப்பதுதான். கல் பக்கத்திலேயே கிடைக்கிறது, போடத் தெரிந்த மேஸ்திரிகள் ஊரிலேயே இருக்கிறார்கள், ஒருமுறை போட்டால் பேரன் காலம் வரை கிடக்கும். பிறகு வேறு தரையை ஏன் யோசிக்கப்போகிறார்கள்?

காரணம், ஓசூரின் குளிர்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும்வரை விடியற்காலையில் தரையில் கால் வைத்தால் உடம்பே ஒருமுறை சிலிர்க்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்த பிறகு, ஓசூர் ஷிஃப்ட் ஊராகிவிட்டது. எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்று வேலை பார்த்தவர், வீட்டுக்கு வந்தும் கல் தரையில்தான் நிற்கிறார். நைட் ஷிஃப்ட் முடித்தவர் பகலில் தூங்குகிறார். அதே நேரத்தில் பக்கத்து அறையில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். கிராமத்திலிருந்து பெற்றோரையும் அழைத்து வந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களின் கால்கள் சாணம் மெழுகிய மண் தரையில் நடந்து பழகியவை. மண் தரை கல்லைப்போல இப்படிக் குளிராது.

அது அந்த 'கார்க் பால்' கார்க்கேதான்!

கார்க் என்றதும் பாட்டில் மூடி நினைவுக்கு வரும். பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஆடும் கார்க் பால் மேட்ச் நினைவுக்கு வரும். தரைக்கு வருவதும் அதே கார்க்தான். தமிழில் தக்கை என்போம்.

'கார்க் ஓக்' என்ற மரத்தின் பட்டை அது. மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதி நாடுகளில் வளரும் மரம். உலகத்துக்கு வேண்டிய கார்க்கில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகல் நாட்டிலிருந்து வருகிறது. 2011-ல் அந்த நாடு கார்க் ஓக்கைத் தன் தேசிய மரமாகவே அறிவித்தது.

மரத்தை வெட்டுவதே இல்லை என்பதுதான் இதில் அழகு. மரத்துக்கு 25 வயது ஆன பிறகுதான் முதல்முறை பட்டையை உரிப்பார்கள். கைதேர்ந்த ஆட்கள் கோடரியால் பட்டையை மட்டும் பெயர்த்தெடுப்பார்கள். எந்த வருடம் உரித்தது என்று தெரிய, அந்த வருடத்தின் கடைசி எண்ணை மரத்திலேயே பெயின்ட்டில் எழுதிவிடுவார்கள். மறுபடி உரிக்க 9 வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் புதுப் பட்டை வளர்ந்துவிடும். இப்படியே ஒரு மரம் 200 வருடம்கூட வாழும்.

பட்டையில் முதலில் பாட்டில் மூடிகளைக் குடைந்தெடுப்பார்கள். மீந்ததைக் குருணையாக அரைத்து, பசை சேர்த்து, சூட்டில் அழுத்தினால் தரைக்கான தகடு கிடைக்கும். நம் வீட்டில் தேங்காய் எடுத்த பிறகு மட்டை கயிறாகிறதே, அதுமாதிரி.

இங்கே அந்த மரம் கிடையாதா என்றால், பெயரளவில் உண்டு. பெங்களூரு சாலையோரங்களில் வெள்ளை வெளேரென்று பூ உதிர்க்கும் மரமல்லிக்கு 'இந்தியன் கார்க் மரம்' என்று ஆங்கிலத்தில் பெயர். அதன் பட்டையைத் தரம் குறைந்த கார்க்காக ஒரு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். தரைக்கு வருவது அது இல்லை. கார்க் தரைக்கான மூலப்பொருள் கப்பலில்தான் வந்தாக வேண்டும். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏன் ஜில்லிடுவதில்லை?

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குளிர்கால விடியலில் எவர்சில்வர் குடத்தைத் தொடுங்கள். பக்கத்தில் இருக்கும் மர முக்காலியையும் தொடுங்கள். குடம் ஜில்லென்றும் முக்காலி சாதாரணமாகவும் இருக்கும். உண்மையில் ராத்திரி முழுக்க ஒரே அறையில் இருந்த இரண்டுக்கும் ஒரே வெப்பநிலைதான். குடம் நம் கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, மரம் அப்படி இழுப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தரைக்கும் இதே கதைதான். கிரானைட் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். கார்க் வழியாகச் சூடு கடப்பது அதைவிடப் பல மடங்கு மெதுவாக நடக்கும்.

கார்க்குக்குள் என்ன இருக்கிறது என்பதை 9-ஆம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும். 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது ஒரு கார்க் சீவலைத்தான். அதில் தெரிந்த குட்டிக் குட்டி அறைகளுக்குத்தான் 'செல்' என்று பெயர் வைத்தார். ஒரு கன சென்டிமீட்டர் கார்க்கில் சுமார் 4 கோடி செல்கள் இருக்கும். எல்லாவற்றுக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கும். அந்தக் காற்றுதான் கம்பளிப் போர்வைபோல சூட்டைப் பிடித்து வைக்கிறது. மிதித்தால் கொஞ்சம் அமுங்கி, காலை எடுத்ததும் நிமிர்வதும் அதனால்தான்.

முழங்காலுக்கு, தூக்கத்துக்கு, பாட்டிக்கு...

கார்க் தரையால் கிடைக்கும் நன்மைகளை மூன்று பேரை வைத்துச் சொல்லிவிடலாம்.

முதலாவது, நின்று வேலை பார்ப்பவர். நாள் முழுக்க நின்ற கால், கல்லில் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் குதிகாலில் அதிர்வை வாங்கும். பல தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்யும் இடத்தில் ரப்பர் மேட் போட்டிருப்பார்கள். கார்க் தரை கிட்டத்தட்ட அந்த வேலையை அறை முழுக்கச் செய்கிறது. குதிகால் வலிக்கு இது மருந்து இல்லை. வலியைக் கூட்டாமல் இருக்கும்.

இரண்டாவது, பகலில் தூங்குபவர். கிரானைட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் தெருமுனை வரை கேட்கும். கார்க்கில் விழுந்தால் 'தொப்'. குழந்தைகள் ஓடும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் அடங்கிப்போகும். அப்பார்ட்மென்ட் என்றால் கீழ் வீட்டுக்காரரும் வாழ்த்துவார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைப்பது சின்ன விஷயமா?

மூன்றாவது, வீட்டில் இருக்கும் பெரியவர். உண்மையில் இவருக்காகத்தான் இந்தத் தரையைப் பற்றி யோசிக்கவே வேண்டும். கீழே விழுவதால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைக் கடந்தவர்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பாட்டி, பிறகு பழையபடி நடமாடவே இல்லை என்பதை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கும்.

பாலீஷ் போட்ட கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் சிந்தியிருந்தால் போதும், கண்ணுக்கே தெரியாது, கால் வழுக்கிவிடும். கார்க் அந்த அளவுக்கு வழுக்காது, பாதத்துக்குப் பிடிமானம் கொடுக்கும். தவறி விழுந்தாலும், கல்லில் விழும் அடிக்கும் இதில் விழும் அடிக்கும் வித்தியாசம் இருக்கும். அதற்காகக் கார்க் போட்டுவிட்டால் எலும்பே முறியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில மில்லிமீட்டர் தடிமன் அவ்வளவு பெரிய மந்திரம் செய்யாது. ராத்திரி விளக்கு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, நடைபாதையில் பொருள்கள் கிடக்காமல் பார்த்துக்கொள்வது, இவற்றோடு சேர்ந்தால்தான் தரையும் உதவும்.

எங்கே போடக் கூடாது?

கார்க்குக்கு ஆகாதது தேங்கும் தண்ணீர். மேலே பாலியூரித்தேன் பூச்சு இருப்பதால் சிந்திய காபியைத் துடைத்துவிடலாம். ஆனால், வெள்ளிக்கிழமைதோறும் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் பழக்கம் இருந்தால், இணைப்புகளில் தண்ணீர் இறங்கி ஓரங்கள் தூக்கிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 1930-களில் கட்டட மேதை ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீட்டில் குளியலறைக்கே கார்க் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கே ஆசைப்படக் கூடாது. வாளியில் தண்ணீர் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் நம் பாத்ரூமுக்கு அது ஆகவே ஆகாது. சமையலறையும் அப்படித்தான். கிரைண்டர் கழுவும் தண்ணீரும் சிந்தும் எண்ணெயும் கார்க்குக்குச் சரிப்படாது. அங்கே சிங்க் முன்னால், வழுக்காத அடிப்பாகம் உள்ள தடிமனான மேட் ஒன்று போட்டுக்கொண்டால் போதும்.

பூஜை அறையிலும் கல்லே இருக்கட்டும். மாக்கோலம் போட்டு, விளக்கு ஏற்றி, எண்ணெய் சிந்தும் இடம் அது.

ஊரையும் பார்க்க வேண்டும். ஓசூரிலிருந்து சூளகிரி தாண்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இறங்கினால் கிருஷ்ணகிரி. அங்கே சித்திரை வெயிலில் வெறுங்காலோடு கிரானைட்டில் படுத்தால் கிடைக்கும் சுகமே தனி. அந்தக் குளிர்ச்சியைக் கார்க் தராது. அதனால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் வீடு என்றால், ஹாலில் கல்லை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை போன்ற குளிர் பகுதிகளில்தான் கார்க்கின் அருமை முழுசாகத் தெரியும்.

ஒரே ஒரு அறை போதும்

வீடு முழுக்கக் கார்க் போட வேண்டும் என்பதில்லை. சதுர அடிக் கணக்கில் டைல்ஸைவிட விலை கூடுதல், போடத் தெரிந்த ஆட்களும் குறைவு. பெரியவர்கள் படுக்கும் அறை அல்லது ஷிஃப்ட் முடித்து வருபவர் தூங்கும் அறை, இரண்டில் ஒன்றில் மட்டும் போட்டாலே பலன் தெரிந்துவிடும். 10-க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. வெட்டு, சேதாரம் சேர்த்து 130 சதுர அடி வாங்கினால் போதும்.

பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

• சாம்பிள் துண்டை வாங்கிப் பக்கவாட்டில் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை கார்க் குருணையே தெரிந்தால் முழுக் கார்க். மேலே மெல்லிய கார்க், நடுவில் அழுத்திய மரத்தூள் பலகை என்றால் அது மிதவைப் பலகை வகை. ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிப் போடுவது. போடுவது சுலபம், ஆனால் தண்ணீர் இறங்கினால் நடுப்பலகை ஊதிவிடும், கரையானுக்கும் ஆசை வரும். கார்க் படம் அச்சடித்த வினைல் ஷீட்டும் கடைகளில் உண்டு, ஏமாற வேண்டாம்.

• தரைத்தளம் என்றால் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். பிரித்தால் அடியில் நீர்த்துளி இருந்தால், ஓதத்தைச் சரிசெய்யாமல் கார்க் போடக் கூடாது. புதிதாகப் போட்ட கான்கிரீட் நன்றாகக் காய வேண்டும்.

• ஏற்கெனவே இருக்கும் கிரானைட்டைப் பெயர்க்க வேண்டியதில்லை. பாலீஷ் கல்லில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் முதலில் சொரசொரப்பாக்கி, சமன்செய்து ஒட்டுவார்கள். மிதவைப் பலகையை அடியில் ஷீட் விரித்து அப்படியே போடலாம். தரை உயர்வதால் கதவின் அடிப்பாகத்தைச் சீவ வேண்டி வரலாம். அறைக்கு வெளியே இருக்கும் தரைக்கும் இதற்கும் இடையே படிபோல விளிம்பு நிற்கக் கூடாது, சரிவுப் பட்டை போடச் சொல்லுங்கள். பெரியவர்கள் தடுக்கி விழுவது அந்த விளிம்பில்தான்.

• பார்சல் வந்ததும் அன்றே ஒட்டிவிடக் கூடாது. பெட்டியைப் பிரித்து, போடப்போகும் அறையிலேயே இரண்டு நாளாவது வைத்திருந்தால் அந்த அறையின் ஈரப்பதத்துக்குப் பழகும்.

• சொன்ன விலையில் பசை, கூலி, மேற்பூச்சு, ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு பராமரிப்பு சுலபம்தான். தினமும் பெருக்கி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. இரும்பு பீரோ, கட்டில் கால்களுக்கு அடியில் அகலமான பலகைத் துண்டு வைக்காவிட்டால் பள்ளம் விழும். நேர் வெயில் தொடர்ந்து பட்டால் நிறம் வெளுக்கும், ஜன்னலுக்குத் திரை போடுங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை மேற்பூச்சைப் புதுப்பித்தால் தரை நீடித்து உழைக்கும்.

கார்க் வாங்க முடியாவிட்டால்?

காலுக்கு இதம் கொடுப்பதுதான் நோக்கம், கார்க் வாங்குவது இல்லை. கட்டிலை ஒட்டி, பெரியவர் முதலில் கால் வைக்கும் இடத்தில், அடியில் ரப்பர் உள்ள நார் விரிப்பு ஒன்று போடலாம். ஜமக்காளம் விரிப்பதாக இருந்தால் ஓரங்கள் சுருளாமல், நகராமல் இருக்கும்படி அடியில் வழுக்காத வலை விரியுங்கள். சுருண்ட ஜமக்காளம் வழுக்கும் கல்லைவிட ஆபத்து. பாத்ரூம் வாசலில் தண்ணீரை உறிஞ்சும் மேட், ராத்திரி எரியும் சின்ன விளக்கு, இரண்டுக்கும் பெரிதாகச் செலவில்லை.

புது வீடு கட்டுபவர்கள் இன்னும் சுலபமாகச் செய்யலாம். தரை பேசும் நாளில் கடைக்கு வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாம்பிள் கல்லின் மேல் ஒரு நிமிடம், கார்க் துண்டின் மேல் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். எதைப் போடுவது என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

"இது எப்படி இருக்குது அத்தை?" என்று மருமகள் கேட்டால், வரும் பதில் விற்பனையாளர் சொல்வதைவிடச் சரியாக இருக்கும். மார்கழி மாத விடியலில் அந்தத் தரையில் கால் வைத்து எழப்போகிறவர் அவர்தானே!